பெக்கோ வருவதற்கு முன் இரண்டு வாரம்

மலேசியாவின் பீடோங்கில் அண்மையில் ஒரு கோயில் மண்டபம் நிறையப் பழைய கதவும் சன்னலும் கூரை ஓடும் அடுப்பங்கரைச் செங்கல்லுமாக இருந்தது. எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன லயத்து வீடுகளிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, கழற்றி எடுத்தவை. ஓவியம் படிக்கும் பிள்ளைகளும், வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தில் சிற்பம் செய்யும் சிலரும் அவற்றைக் கொண்டு செய்ததை வாரக் கடைசியில் காட்சிக்கு வைத்து, கடைசி நாள் மாலையில் ஏலம் விட்டார்கள். வந்த பணம், ஒழுகும் கூரைக்குக் கீழே தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளைச் செப்பனிடப் போகிறது. பணத்தோடு, கழற்றிய பலகையில் நல்லதெல்லாம் நேராக அந்த வீடுகளுக்கே போகிறது.

படங்கள் நிறையப் பேருடைய வாட்ஸ்அப்பில் சுற்றின. "அருமை", "நல்ல முயற்சி" என்று எழுதினார்கள். சரி, நல்ல முயற்சிதான். ஆனால் மண்டபத்தில் பார்த்ததை மட்டும் வைத்து இதைப் புரிந்துகொண்டால் பாதிதான் புரியும். பெரிய வேலை நடந்தது லயத்தில், ஆணி பிடுங்கிய இடத்தில். அங்கே நானும் போய் நின்று கைகொடுத்தேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

ஊர் தெரியாதவர்களுக்காக: பீடோங், கெடாவில் சுங்கை பட்டாணிக்கு வடக்கே, குருணுக்குப் போகும் பழைய கூட்டரசு சாலையில் இருக்கிறது. ஊரிலிருந்து பார்த்தால் ஜெராய் மலை தெரியும். ஹார்வர்ட், சுங்கை தோக் பாவாங் என்று சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால்மரக் காடு, அதாவது ரப்பர். இப்போது பார்க்கும் இடமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனை, அதற்கு நடுவே தாமான் என்று சொல்லும் புதுப்புதுக் குடியிருப்புகள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, வரிசையாக லயம் என்று வாழ்ந்த மக்களில் பெரும்பகுதியினர் ஊருக்கும் தாமானுக்கும் குடிபோய்விட்டார்கள். லயங்கள் நின்றன. நிலம் கைமாறும்போது அவை போகும். ஒரு மதியத்துக்குள் போகும். பெக்கோ என்ற மண்வாரி இயந்திரம் வரும், கை நீட்டிக் கூரையில் ஒரு குத்து, சுவரில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். உத்தரம், ஓடு, கண்ணாடி, மின்கம்பி எல்லாம் ஒரே குவியலாகக் கலந்து லோரியில் ஏறும். கலந்த பிறகு அதிலிருந்து எதையும் மீட்க முடியாது.

இந்தக் குழு செய்தது என்னவென்றால், பெக்கோவுக்கு முன்னால் இரண்டு வாரம் கேட்டு வாங்கியதுதான். அதைக் கேட்டு வாங்குவதற்கே பல மாதம் நடந்தார்கள்.

ஏன் நடக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். லயத்து வீடு அதில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமானதே இல்லை. வேலை இருக்கும் வரை வீடு. மூன்று தலைமுறை ஒரே கதவைத் திறந்து மூடியிருந்தாலும், அந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு உரிமை கிடையாது. தன் கையால் போட்ட பின்கட்டுத் திண்ணையைக்கூட எடுக்கக் கூடாது என்று ஒருவருக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர் கையிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து தோட்டத்தையே வாங்கிவிடலாம் என்று அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படிப்பட்ட ஒரு சமூகம், இன்று பலகையை எடுத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி கேட்டு நிற்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் குழுவினர் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடிதம் எழுதினார்கள், போனார்கள், காத்திருந்தார்கள். விபத்து நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மின்சாரமும் தண்ணீரும் வெட்டியாயிற்று என்று உறுதிசெய்த பிறகு உள்ளே விட்டார்கள். முதலில் ஒரு வாரம்; பிறகு இன்னொரு வாரம்.

வேலையை நடத்தியவர் அந்தத் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஆசாரி. எழுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் ஆசாரி தாத்தாதான். வந்திருந்த இளைஞர்கள் கையில் சுத்தியலோடு சுவர்ப் பலகையை நோக்கிப் போனார்கள். தாத்தா எல்லோரையும் நிறுத்தினார்.

"தம்பி, கடைசியா அடிச்ச ஆணியை முதல்ல எடுக்கணும். வீட்டை எப்படிக் கட்டுனாங்களோ அதைத் திருப்பிப் போட்டா பிரிக்கலாம். நடுவுல கை வைச்சா தலையில விழும்."

அப்படித்தான் நடந்தது. முதலில் கதவும் சன்னலும். அப்புறம் கூரை, வரிச்சட்டம், கைமரம். பிறகு சுவர்ப் பலகை, தரைப் பலகை. கடைசியில் உத்தரமும் தூணும். கழற்றிய ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டார்கள்: எந்த வீடு, எந்தப் பக்கம், எத்தனையாவது.

ஆணி பிடுங்குவதைச் சொல்லாமல் விட முடியாது. பலகையின் முன்பக்கம் ஆணித்தலை மரத்துக்குள் புதைந்திருக்கும். அதை முன்னாலிருந்தே நெம்பினால் பலகை விளிம்பு சிம்பு சிம்பாகப் பிய்ந்துவிடும். பின்பக்கம் திருப்பி, மடங்கிய முனையை நிமிர்த்தி, முனையில் மெதுவாகத் தட்டினால் முன்னால் தலை வெளியே வரும். அப்புறம் கீழே ஒரு கட்டை வைத்து நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். கெட்டியான மரத்தில் துருப்பிடித்த ஆணி சில சமயம் தலை முறிந்து உடல் உள்ளேயே தங்கிவிடும். அந்த இடத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு வட்டம் போடச் சொன்னார் தாத்தா. உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், இழைப்பு இயந்திரத்தின் கத்தியைக் கெடுக்க. பழைய பலகை என்றாலே மரப்பட்டறைக்காரர்கள் "வேண்டாம்" என்று கையை ஆட்டுவதற்கு இதுதான் முதல் காரணம். பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் குழுவினர் ஒவ்வொரு பலகையிலும் காந்தத்தை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பலகைக்கு மேல் முடியாது. அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்தால்தான் இரண்டு வாரம் என்பது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

மரத்தைப் படிப்பது இன்னொரு கலை. எல்லாப் பலகையும் ஒரே கறுத்த பச்சைச் சாயத்தில்தான் இருந்தது. தாத்தா உளியால் ஓரத்தில் ஒரு சீவல் எடுப்பார். எச்சில் தொட்டுத் தடவுவார், மோந்து பார்ப்பார், விரல் முட்டியால் தட்டுவார். சீவிய இடம் மஞ்சளும் பழுப்பும் கலந்து லேசாகப் பச்சை ஓடினால் சங்கால். காற்றும் வெயிலும் பட்டால் அதே மரம் கறுஞ்சிவப்பாகிவிடும். அதில் பொடிப்பொடியாக ஊசித் துளைகள் இருக்கும். அதைப் பார்த்து மரம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம் என்றார். செம்பழுப்பாக, துளைகளில் மஞ்சள் பொடி படிந்திருந்தால் மெர்பாவ். ஈரத்தில் இரும்பு பட்ட இடமெல்லாம் அதில் கறுப்புக் கறை பிடிக்கும். கை கனக்காமல் இளஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் மெராந்தி; வெளியே வைத்தால் கரையானுக்குத்தான், வீட்டுக்கு உள்ளே நன்றாக உழைக்கும். சங்காலைக் கரையான் லேசில் தொடாது. மழையிலும் வெயிலிலும் சாயமில்லாமல் நின்று பல பத்தாண்டு தாங்கும். தூண்கள் எல்லாம் அதுதான். இன்று அந்த மரம் காட்டில் அரிதாகிவிட்டது. மரக்கடையில் ஒரு டன், அதாவது 50 கன அடி, பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). அந்தத் தூண்களைத்தான் அடுப்பங்கரைக் குப்பையோடு சேர்த்து லோரியில் ஏற்ற இருந்தார்கள்.

செங்கல்லில் ஒரு விஷயம் புதிதாகக் கற்றேன். பழைய அடுப்பங்கரைகள் சிலவற்றில் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு, செங்கல்லைவிட மென்மையானது. கரண்டியால் தட்டினாலே உதிர்ந்துவிடும். கல் முழுசாகக் கைக்கு வரும். பிற்காலத்தில் சிமெண்டு வைத்துக் கட்டிய சுவரில் சாந்து கல்லைவிடக் கெட்டி. பிரிக்கப் போனால் சாந்து நிற்கிறது, கல் உடைகிறது. நாம் இன்று கட்டும் வீடுகளை நம் பேரப் பிள்ளைகள் பிரித்தெடுக்கவே முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. ஓடு அதற்கு நேர்மாறு. பள்ளமும் மேடுமாக ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் ஓடு 1841இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்ற வடிவம். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் நம் பக்கத்து வீடுகளுக்கும் அதுவே வந்தது. சட்டத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதால் கையால் எடுத்து அடுக்கினாலே போதும். கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், வீட்டுக் கூரையில் இருந்த ஓடுகளில் ஒன்றின் அடியில் தேனீ முத்திரையும் மார்செய் என்ற ஊர்ப் பெயரும் இருந்தன. எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறையில் இறங்கி இந்தக் காட்டுக்குள் வந்ததோ, ஒரு விரிசல் இல்லை.

இனி, எல்லோரும் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீட்டு மரம் புது வீட்டுக்கு ஆகாது என்று நம்மிடம் ஒரு பேச்சு இருக்கிறது. அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கும், கண்ணீர் சிந்தியிருக்கும், அந்தத் தோஷம் மரத்தோடு வரும் என்பார்கள். நிலைவாசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு காட்டிய இடம். அதைப் பிடுங்கி வேறு வீட்டில் வைப்பதா, அல்லது கண்காட்சியில் நிறுத்துவதா? உதவி பெறப் போகிற ஒரு பெரியம்மாவே, "எனக்குப் புதுத் தகரம் மட்டும் போதும்மா, பழைய பலகை வேணாம்" என்று சொல்லிவிட்டார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்ந்த வீட்டுக்கு மரியாதை கொடுக்கும் உணர்வும் அந்தப் பயத்துக்குள் இருக்கிறது.

அதே சமயம் நம் சொந்தப் பழக்கமே வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. செட்டிநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார் கட்டிய வீடுகளின் தேக்குத் தூணும் கதவும் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. ஊர் ஊராக அவற்றை வாங்கிப்போய்ப் புது வீட்டு வாசலில் வைக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நடுமுற்றத்தோடு ஒரு செட்டிநாட்டு வீடும் அதில் உண்டு. பணக்கார வீட்டுத் தேக்கு என்றால் கலைப்பொருள், தொழிலாளி வீட்டுச் சங்கால் என்றால் தோஷம் என்று நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. மலையாண்டவரையும் முனியாண்டியையும் கும்பிட்டுத்தான் இந்த வீடுகளில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள்.

கோயில் பூசாரி இதை எளிதாகத் தீர்த்துவைத்தார். பிரிக்கும் வேலை தொடங்கும் நாளில் லயத்துக்கே வந்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, "இத்தனை வருசம் நிழல் கொடுத்தே, இனி வேற பிள்ளைங்களுக்குக் கொடு" என்று சத்தமாகச் சொன்னார். அங்கே வாழ்ந்த குடும்பங்களில் வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். நிலைவாசல்களைக் கலைப்படைப்புக்குக் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவாயிற்று. கேட்ட குடும்பத்துக்கு அந்தந்த நிலை போனது. கேட்க ஆளில்லாதவை கோயிலுக்குப் போயின. பழைய பலகை வேண்டாம் என்ற அந்தப் பெரியம்மாவும் அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். இப்போது அவர் வீட்டுப் பின்சுவர் முழுக்க அந்த லயத்துப் பலகைதான்.

இப்போது படைப்புகளுக்கு வருகிறேன். என் மனசில் நின்றது ஒன்று. அலோர் ஸ்டாரிலிருந்து வந்த ஒரு பெண் செய்தது. சுவர்ப் பலகைகளை ஆளுயரத்துக்கு மேல் நிறுத்தி, ஒருவர் மட்டும் நடந்துபோகும் அளவுக்கு ஒரு சந்து அமைத்திருந்தார். வெளிப்பக்கம் எல்லாப் பலகையும் ஒரே பச்சை. நிர்வாகம் வருடா வருடம் பூசிய சாயம், அடுக்கடுக்காக, காய்ந்த ஓலை போல் உரிந்து நின்றது. உள்பக்கம் நடந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். கடல் நீலம், ரோஜா, வெளிர் மஞ்சள், ஒரு வீட்டில் இரண்டு நிறம் பாதிப் பாதி. நாள்காட்டி மாட்டிய ஆணித்துளை. சாமி படத்துக்குக் கீழே விளக்குப் புகை ஏறிக் கறுத்த இடம், அதன் நடுவில் படச் சட்டத்தின் அளவுக்குக் கறுக்காத ஒரு சதுரம். கண் உயரத்தில் ஒரு பலகையில் கரிக்கட்டியால் எழுதிய கணக்கு: ரப்பர்ப் பால் எடை போலிருக்கிறது, நாள் வாரியாக, கடைசியில் கூட்டாமல் விட்டிருந்தது. சம்பளம் வாங்கிய அன்று சாயம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூசியவர்களின் கை அந்தச் சந்து முழுக்க இருந்தது. அந்தப் பெண் எதையும் சேர்க்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. நிறுத்திய விதம்தான் அவருடைய வேலை. அதற்கே எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்!

தாழ்ப்பாள், கொண்டி, கீல் என்று இரும்பு சாமான்களைக் கோத்துச் செய்த திரை ஒன்றும் நன்றாக இருந்தது. சன்னல் கண்ணாடித் துண்டுகளில் பால்வெட்டுக் காட்சி தீட்டியிருந்தார் ஓர் அண்ணன். வெளிச்சத்தில் பார்த்தால் அழகு.

பிடிக்காததும் இருந்தது. முழுசான ஒரு சங்கால் கதவை அறுத்து, பெரிய எழுத்துகளாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்தக் கதவு இன்னும் ஐம்பது வருடம் ஒரு வீட்டைக் காத்திருக்கும். இதை ஏற்பாட்டாளர்களிடம் சொன்னேன். அவர்களுக்குள்ளேயே அதில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. உடைந்தது, வளைந்தது, அரித்தது, அளவுக்கு வராதது எல்லாம் கலைக்கு. முழுசாக இருப்பது வீட்டுக்கு. அடுத்த முறை இதுதான் விதி என்று அவர்களே சொன்னார்கள். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. கலைஞருக்கும் இதில் நட்டமில்லை. வளைந்த பலகைதான் அவருக்குப் பேசக் கொடுக்கும்.

ஏலம் நம் ஊர் வழக்கப்படி நடந்தது. கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழ ஏலம் நடத்தும் அதே அண்ணன்தான் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் இழுக்கும்போது கூட்டத்துக்கு நிமிர்ந்து உட்காரத் தெரியும். படைப்பை ஏலத்தில் எடுத்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தோட்டத்திலிருந்து போய்ப் பட்டணத்தில் நன்றாக இருக்கிறவர்கள். பழைய இரும்பு வியாபாரம் செய்யும் ஒரு தௌக்கே (முதலாளி), நம் ஆள்தான், தாழ்ப்பாள் திரையை எடுத்துவிட்டு, "எடை போட்டா இது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இவ்வளவு கொடுக்குறேன்" என்றார். நம் சமூகத்தில் பழைய இரும்புத் தொழிலில் இருக்கிறவர்கள் ஏராளம். மீட்டெடுப்பது பற்றி யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரும்புக்கும் செம்புக்கும் விலை இருப்பதால் அவை தப்பித்துவிடுகின்றன. மரத்துக்கும் ஓட்டுக்கும் அப்படி ஒரு சந்தை இன்னும் நம் ஊரில் உருவாகவில்லை.

வேறு இடங்களில் உருவாகியிருக்கிறது. கனடாவில் வின்னிபெக் நகரில் 1991இல், ஏழைகளுக்கு வீடு கட்டும் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் பெயரில் முதல் ரீஸ்டோர் கடை திறந்தது. இடிக்கப்போகும் வீட்டுக் கதவு, குழாய், அலமாரி எல்லாவற்றையும் நன்கொடையாக வாங்கி, மலிவாக விற்று, அந்தப் பணத்தில் வீடு கட்டுகிறார்கள். இன்று அப்படிப்பட்ட கடைகள் பல நாடுகளில் நூற்றுக்கணக்கில் உண்டு. சிக்காகோவில் தியஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர், தென்பகுதியில் பாழடைந்து கிடந்த 1923ஆம் ஆண்டு வங்கிக் கட்டடத்தை நகராட்சியிடம் ஒரு டாலருக்கு வாங்கினார். அதைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டுமே? உள்ளே கிடந்த சலவைக்கல்லையே துண்டு போட்டு, அதில் எழுத்துப் பொறித்து, 2013இல் ஆர்ட் பாசல் கலைச்சந்தையில் துண்டு 5,000 டாலருக்கு விற்றார். 2015இல் அந்தக் கட்டடம் நூலகமும் கலைக்கூடமுமாகத் திறந்தது. கட்டடத்தின் உடைந்த பாகம் கட்டடத்தின் நல்ல பாகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. பீடோங் மண்டபத்தில் நடந்ததும் அதே கணக்குதான்.

ஆனால் எனக்கு இவர்களையெல்லாம்விட நெருக்கமானவர் நேக் சந்த். பிரிவினையில் ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலைக் கண்காணிப்பாளர். புது நகரம் எழுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாட்டிலிருந்து உடைந்த ஓடு, பீங்கான், குழாய், கல் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், 1957 வாக்கில் தொடங்கி, யாருக்கும் தெரியாமல் காட்டு ஓரத்தில் சிற்பத் தோட்டம் ஒன்றை எழுப்பினார். பதினெட்டு வருடம் போல ரகசியமாக நடந்தது. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்துவிடும் நிலை, மக்கள் விடவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அந்தச் சிற்பங்களுக்குள் இருப்பது இடம்பெயர்ந்த கிராமங்களின் வீட்டுச் சாமான். சண்டிகரின் பாறைத் தோட்டம் என்று உலகமே போய்ப் பார்க்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கெடாவிலேயே, மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் நிற்கும் சண்டிகளில், அதாவது பழங்காலக் கோயில்களில், சில வேறு இடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து திரும்ப அடுக்கியவை. பெங்காலான் பூஜாங், பெண்டியாட் போன்ற இடத்துக் கோயில் அடித்தளங்களின் கற்களும் செங்கற்களும் இப்படித்தான் பிழைத்தன. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நம் பிள்ளைகள் கடாரம் என்று படித்துவிட்டுப் போய்ப் பார்ப்பது அவற்றைத்தான். அதே வட்டாரத்தில், சுங்கை பத்து தோட்ட நிலத்தில் இருந்த பதினொன்றாம் எண் சண்டி 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இயந்திரத்தின் அடியில் போனது. செய்தி வெளியாகி நாடே பேசியபோது கல் சிதறியாகிவிட்டது. ஆயிரம் ஆண்டுச் சண்டிக்கே அந்தக் கதி என்றால் லயத்துக்கு யார் பேசுவார்கள்?

ஆர்வத்தில் யாரும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். லயங்களின் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள் இருந்தன. நெளிநெளியாகச் சாம்பல் நிறத்தில் இருப்பதால் சிலருக்கு அதில் ஓவியம் தீட்ட ஆசை வந்தது. தாத்தாவும் குழுத் தலைவியும் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்கள். அதை அறுத்தாலோ உடைத்தாலோ பறக்கும் நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் பாதுகாப்பில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. அதற்கென்று உரிமம் உள்ளவர்களை அழைக்க வேண்டும். அதுவரை தொடாமல் விட வேண்டும். பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது, ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. சாயம் பூசிய பலகையை அடுப்பெரிக்கவோ, காய் நறுக்கும் கட்டையாக்கவோ வேண்டாம்.

கெடாவில் 2015 செப்டம்பரிலிருந்து வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது சட்டப்படி கட்டாயம். தாளுக்கு ஒரு பை, நெகிழிக்கு ஒரு பை என்று நம் அம்மாக்கள் கவனமாகப் பிரிக்கிறார்கள். ஒரு வீட்டையே கொட்டும்போதும் இதே கவனம் வேண்டாமா? உலகத்தில் வெளியாகும் கரிவாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. இருக்கிற செங்கல்லையும் தூணையும் திரும்பப் பயன்படுத்துவது வீட்டுக்காரருக்கு மட்டும் நல்லதில்லை.

என் கோரிக்கை சிறியது. நிலம் வாங்குகிறவர்களும் தோட்ட நிர்வாகங்களும் லயத்தை இடிக்கும் முன் இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். பெக்கோ வாடகையில் அவர்களுக்கு மிச்சம்தான் ஆகும், ஏனென்றால் லோரியில் ஏற்றும் குப்பை குறையும். ஊராட்சி மன்றம் இடிக்க அனுமதி தரும்போதே இதை ஒரு நிபந்தனையாக வைத்தால் ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியிருக்காது. அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கு முதல் உரிமை. அவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு.

அதற்கு அடுத்த தேவை, இடம். கழற்றிய பலகையைத் தரையில் போட்டால் ஒரே மழைக்காலத்தில் வீணாகும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், இடையிடையே குச்சி வைத்து, காற்றோட்டமாக, கூரைக்கு அடியில் அடுக்க வேண்டும். இப்போதைக்குக் கோயில் பின்புறக் கொட்டகையில் நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். பயன்படாமல் கிடக்கும், ரப்பர்த் தகடு காயவைத்த பழைய புகைக்கொட்டகையோ, சாமான் கிடங்கோ யாரிடமாவது இருந்தால் பெரிய உதவி. ஓடுகளில் கொஞ்சம் ஏற்கெனவே ஒரு பாட்டி வீட்டுக் கூரையில் ஏறிவிட்டன. மெராந்திப் பலகைகளில் தமிழ்ப்பள்ளிக்குப் புத்தக அலமாரி செய்கிறார்கள்.

அடுத்து இன்னொரு தோட்டத்தில் ஒரு லயம் காலியாகிறது. அனுமதிக் கடிதம் போயிருக்கிறது. கெடாவில் சனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். பால்மரம் இலை உதிர்க்கும் அந்த நேரத்தில் பிரித்தால் பலகை நனையாது என்பதால் அப்போதே கேட்டிருக்கிறார்கள். வர விரும்புகிறவர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தச்சு தெரிந்தவர்கள், லோரி வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். தெரியாதவர்களுக்குத் தாத்தா சொல்லிக்கொடுப்பார். முழுக்கைச் சட்டை, அடிப்பாகம் தடித்த சப்பாத்து, தோல் கையுறை வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் கிளினிக்கில் போட்டுக்கொண்டு வாருங்கள். காலைப் பசியாற அங்கேயே சமைக்கிறார்கள்.